பரோட்டா ஆர்டர் என்று சொல்லி அத்தையிடம் 24,600 ரூபாய் எடுத்துவிட்டார்கள், திரும்பக் கிடைக்குமா?

அவனியாபுரத்தான்:
மதுரை அவனியாபுரத்தில் என் அத்தை சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். நேற்று மதியம் கூட்டம் நெருக்கும் நேரத்தில் ஒரு போன். விமான நிலையப் பாதுகாப்புக்கு வந்திருக்கும் மத்தியப் படை அதிகாரி பேசுகிறேன், ராத்திரி எட்டு மணிக்கு 60 செட் பரோட்டா, 25 சுக்கா பார்சல் வேண்டும் என்று பாதி இந்தி, பாதி தமிழில் பேசியிருக்கிறான். பில் 7,400. சீருடை போட்ட படம், அடையாள அட்டை எல்லாம் வாட்ஸப்பில் வந்துவிட்டது, அத்தையும் நம்பிவிட்டார்.

ஏழரைக்கு எல்லாம் கட்டி முடித்த பிறகு மறுபடி கூப்பிட்டான். எங்கள் கணக்கில் இருந்து பணம் போட முதலில் சரிபார்க்க வேண்டும், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து 5 ரூபாய் போடுங்கள், 10 ஆக வரும் என்றான். வந்தது. அடுத்து 7,400க்கு ஒரு கோடு, பின் நம்பரைப் போட்டதும் பணம் போய்விட்டது. சர்வர் கோளாறு, இன்னொரு தடவை போட்டால் இரண்டும் சேர்ந்து திரும்பும் என்று மறுபடி 7,400, கடைசியில் 9,800. அப்புறம்தான் எனக்கே போன் வந்தது. நேற்று ராத்திரி எங்கள் தெரு முழுக்க பரோட்டாதான்.

இன்று காலை கோபத்தில் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் புகாராக எழுதினேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் கூப்பிட்டு, சைபர் பிரிவில் தனக்கு ஆள் இருக்கிறது, ஃபைல் சார்ஜ் 2,500 கட்டினால் முழுப் பணமும் வரும் என்கிறார். கட்டலாமா?

பூ மார்க்கெட் அண்ணாச்சி:
தம்பி, அந்த 2,500ஐக் கட்டிவிடாதே. அவனும் அதே கூட்டம்தான், இல்லாவிட்டால் அவர்களுக்குப் பங்காளி. பணத்தைப் பறிகொடுத்துவிட்டுப் பதறுகிறவர்களைத் தேடிப் பிடிப்பதே இவர்களுக்குத் தொழில்.

முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு போன் போடு, உடனே. லைன் கிடைக்கவில்லை என்றால் விடாமல் போடு. அத்தை எந்த வங்கி, எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, ஒவ்வொன்றுக்கும் வந்த 12 இலக்க யூடிஆர் எண் (அந்தப் பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் எண்), இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு பேசு. அவர்கள் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கைத் துரத்தி, மிச்சம் இருப்பதை நிறுத்தி வைக்கச் சொல்லி அந்த வங்கிக்குத் தகவல் அனுப்புவார்கள். ஒரு கணக்கில் விழுந்த பணத்தை நாலு கணக்காகப் பிரித்து ஏடிஎம்மில் எடுத்துவிடுவான்கள், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் காசுதான்.

எனக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு 15 கிலோ மல்லி என்று சொல்லி இதே கதைதான் நடந்தது. போனது 18,000. முக்கால் மணி நேரத்தில் 1930க்குச் சொன்னதால் 11,000 நின்றது. அதைக் கையில் வாங்க கோர்ட்டில் மனுப் போட்டு ஐந்து மாதம் அலைந்தேன். மிச்சம் போனது போனதுதான்.

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன்:
அண்ணாச்சி சொன்னதோடு இதையும் செய்யுங்கள். 1930இல் சொன்னதும் குறுஞ்செய்தியாக ஒரு புகார் எண் வரும், அதை வைத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்யுங்கள். பிறகு அத்தையின் கிளைக்குப் போய் எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வங்கியே ஈடு கட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தன் பின் நம்பரைப் பயன்படுத்திக் கவனக்குறைவால் இழந்தால், வங்கிக்குச் சொல்லும் வரையிலான நஷ்டம் அவருடையது. சொன்ன பிறகும் பணம் போனால்தான் வங்கியின் பொறுப்பு.

அத்தையிடம் இதை மட்டும் உறைக்கும்படி சொல்லுங்கள்: பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஸ்கேன் செய்வதும் நாம் கொடுப்பதற்குத்தான். அந்தக் கியூஆர் படத்தின் மேலே 'உங்களுக்கு 7,400 வரும்' என்று பச்சையில் எழுதியிருக்கும், அது அவன் ஒட்டியது. ஆப்பில் வரும் பட்டனில் பணம் செலுத்து என்றுதான் இருக்கும். ஆளுக்கு ஆள் பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பும் வசதியை 2025 அக்டோபரோடு நிறுத்தினார்கள், ஆனால் கியூஆர் வழி அப்படியேதான் திறந்து கிடக்கிறது.

வில்லாபுரம் வாசி:
தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 5 ரூபாய் போட்டால் 10 வரும் என்று ஒருவன் சொல்லும்போதே யோசித்திருக்க வேண்டாமா? ஆசைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

அவனியாபுரத்தான்:
ஆசை என்று சொல்லாதீர்கள் அண்ணே. கல் அடுப்பில் நின்று 60 செட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார், அது ஆறிக்கொண்டே இருக்கிறது, வண்டி வெளியே கிளம்பிவிட்டது என்று அவன் அவசரப்படுத்துகிறான். அவருக்கு அப்போது தெரிந்ததெல்லாம் தன் 7,400தான். மாவு பிசைவதற்கு முன்னால் கூப்பிட்டிருந்தால் அத்தை அவனை ஓட ஓட விரட்டியிருப்பார். பார்சல் கட்டி முடிக்கும் வரை காத்திருந்தான் பாருங்கள், அங்கேதான் கவிழ்த்துவிட்டான்.

பூ மார்க்கெட் அண்ணாச்சி:
அதேதான். என்னிடமும் பூவைக் கட்டி ஐஸ் வைத்த பிறகுதான் பேசினான். இப்போதெல்லாம் தெரியாத ஆள் மொத்தமாகக் கேட்டால், பாதிப் பணம் கையில் கொடுத்தால்தான் எடை போடுவேன். ஆள் அனுப்ப முடியாது என்றால் ஆர்டரே வேண்டாம்.

அவனியாபுரத்தான்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். கடைசியாகப் போன 9,800 ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டிருக்கிறது, மற்ற இரண்டும் அன்று ராத்திரியே எடுக்கப்பட்டுவிட்டது. 2,500 கேட்டவனிடம் புகார் எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்டேன், வைத்துவிட்டான். நேற்று பெருங்குடியில் ஒரு கடைக்கு அதே அதிகாரி கூப்பிட்டு 80 இட்லி கேட்டானாம். அத்தை ஏற்கெனவே அவர்களிடம் சொல்லி வைத்திருந்ததால், அட்வான்ஸை வந்து கொடுங்க சார், அப்புறம் மாவு ஊற்றுகிறோம் என்றிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை.