புதுசா ஒரு ஆப் வந்ததும் போய்ப் பார்த்தோமே, அதில் இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்று

கரிசல்காட்டுப் பெண்:

2021 மே மாசம், ஆண்ட்ராய்டுக்கு கிளப்ஹவுஸ் வந்த நேரம். அறை அறையாகக் கூடிக் குரலில் மட்டும் பேசிக்கொள்ளும் ஆப் அது. இன்வைட் வாங்க அலைந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் பக்கத்து ஆட்கள் கூடும் ஒரு அறை இருந்தது. முப்பது, நாற்பது பேர் இருப்போம். ஊரடங்கால் பஸ் ஓடவில்லை. யாரோ ஒருவர், "ஹாரன் சத்தம் கேட்டே ரெண்டு வாரம் ஆச்சு" என்றார்.

என் அப்பா கோவில்பட்டி - திருநெல்வேலி ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா போனை அவர் கையில் கொடுத்தேன். "ஊர் பேரைச் சொல்லுங்கப்பா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் திண்ணையிலிருந்து எழுந்து, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஆரம்பித்தார். "நாலாட்டின்புத்தூர் இறங்கு... கயத்தாறு, கயத்தாறு... கங்கைகொண்டான்... தாழையூத்து முன்னாடி வா... தச்சநல்லூர், வண்ணாரப்பேட்டை, புது பஸ் ஸ்டாண்டு." நடுவில் விசில் கூட வாயாலேயே அடித்தார். அறையில் ஒருவர்கூடப் பேசவில்லை.

முடிந்ததும் தோஹாவிலிருந்து ஒரு தம்பி, "ஐயா, எங்க ஊர் பேரை மட்டும் இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றார். அப்பா கூப்பிட்டார். தம்பி மைக்கை அணைக்கவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டார், "நாளைக்கும் வண்டி உண்டாய்யா?" அப்பா சொன்னார், "பத்து மணி வண்டி, தவறாம வந்துரும்."

மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். டெஸ்ட், ஆஸ்பத்திரி என்று மூன்று வாரம் போய்விட்டது. அம்மா நல்லபடியாக வீடு திரும்பினார். நான் மறுபடி ஆப்பைத் திறந்தபோது அந்த அறை கூடுவதே நின்றிருந்தது. அந்தத் தம்பியின் பெயரைக்கூட நான் கவனித்து வைக்கவில்லை. படத்தில் ஒரு கிரேன் இருந்தது, அவ்வளவுதான் ஞாபகம். மறுநாள் பத்து மணிக்கு அவர் வந்து காத்திருப்பாரே என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

தறிவீட்டுப் பையன்:

என்னுடையது டிக்டாக். எனக்கு அதில் கணக்கு கிடையாது, சித்தி வைத்திருந்தார். ஊர் சேலம் பக்கம் இளம்பிள்ளை, விசைத்தறி வீடு. நாள் முழுக்க நாலு தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பேசினால் வீட்டு ஆட்களுக்கே கேட்காது. அதனால் சித்தி பேச மாட்டார். தறி போடும் தாளத்துக்கு ஏற்ற மாதிரி பாட்டைத் தேர்ந்தெடுத்து வாயசைப்பார், கை மட்டும் பாவு நூல் அறுந்த இடத்தை முடிந்துகொண்டே இருக்கும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சாயந்தரம் எடுத்துக்கொண்டிருக்கும்போது சித்தியின் மாமனார் வாசற்படியில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. சித்திக்குக் கை நடுங்கியது, போனை நான் வாங்கிக்கொண்டேன். தாத்தா உள்ளே வந்தார், மேலே பார்த்தார். "டியூப் லைட் உனக்குப் பின்னாடி இருக்குது கண்ணு. இப்படித் திரும்பி நில்லு, அப்பதான் மூஞ்சி தெரியும்" என்றார். சொல்லிவிட்டு ஊடை நூல் எடுக்கப் போய்விட்டார்.

2020 ஜூன் 29 ராத்திரி டிக்டாக் உட்பட 59 ஆப்களுக்குத் தடை என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு அதே மாதிரி வந்த ஒன்றிரண்டில் சித்தியைச் சேர்த்துவிட்டேன். நாலு நாள் போட்டார், விட்டுவிட்டார். பழைய ஆப்பின் படம் மட்டும் அவர் போனில் ஒரு வருஷத்துக்கு மேல் அழிக்காமல் இருந்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

மேலே எழுதிய தம்பியின் தாத்தா நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் டிக்டாக்கை இப்படி நினைத்து உருகுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தடை 2020-இல் திடீரென்று வந்ததல்ல. 2019 ஏப்ரல் 3-ஆம் தேதியே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைத் தடை செய்யச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. போனில் ஆப் இறக்கும் கூகுள், ஆப்பிள் ஸ்டோர்களிலிருந்தும் எடுத்தார்கள். அதே மாதம் 24-ஆம் தேதி அந்தத் தடை விலக்கப்பட்டது. அப்போதே கேட்டார்கள், பிள்ளைகள் கையில் இதை இப்படிக் கொடுக்கலாமா என்று. 2020-இல் வந்தது நாட்டுப் பாதுகாப்பு என்ற காரணத்தால். இரண்டும் வேறு. ஆனால் முதல் கேள்விக்கு இன்றுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஆப் போனது, அதே பதினைந்து விநாடி வீடியோ வேறு பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது.

என் அனுபவம் சின்னது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், நன்றாகப் படிப்பவன். பள்ளிக்குப் பின்னால் ரயில் பாதை. நான் சைக்கிளில் திரும்பும்போது தண்டவாளத்துக்கு நடுவில் முதுகைக் காட்டி நிற்கிறான், இன்னொருவன் போனைப் பிடித்திருக்கிறான். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். இழுத்து வெளியே கொண்டுவந்தபின் அவன் என்னிடம் கேட்டது: "சார், ரெக்கார்ட் ஆயிடுச்சா?" அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

தறிவீட்டுப் பையன்:

ஐயா, நீங்கள் ஓடிப் போய் இழுத்ததற்குக் கோடி புண்ணியம். ஆனால் தண்டவாளத்தில் நின்ற பையனையும் தறியடியில் நின்ற என் சித்தியையும் ஒரே தராசில் போடாதீர்கள். கல்யாணமாகி வந்து பதினெட்டு வருஷத்தில் அவர் முகத்தை நாலு பேர் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னது அங்கே மட்டும்தான். கண்டபடி திட்டியவர்களும் இருந்தார்கள். அதையும் அவர் படித்தார், படித்துவிட்டு அடுத்த நாளும் போட்டார்.

கோண்டாவில் வாசி:

2022 ஜூன், யாழ்ப்பாணம். பெற்றோல் வரிசை. இரண்டாம் நாள். எங்கட சனத்துக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு நிழல் தேடி மதிலோரம் குந்தியிருப்பது, வரிசை நகர்ந்தால் ஓடிப் போய் உருட்டுவது, இதுதான் அப்போதைய வாழ்க்கை.

டுவிட்டரில் குரலில் பேசிக்கொள்ளும் ஸ்பேசஸ் எனக்கு அப்போதுதான் பழக்கம். அந்த வருஷம் ஏப்ரல் 3-ஆம் திகதி சமூக ஊடகங்களை அரசாங்கம் முடக்கிய அன்று, அதைத் தாண்டிப் போக விபிஎன் போடப் பழகினேன், அப்படியே இதற்குள்ளும் வந்து சேர்ந்தேன். காதில் இயர்போன், ஒரு தமிழ் ஸ்பேஸ் ஓடுகிறது. ஒருவர் பேசுகிறார்: மகளுக்கு ஓ.எல். (பதினோராம் வகுப்பு) சோதனை முடிந்த கையோடு காய்ச்சல், கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு லீற்றர் கிடைத்தால் போதும் என்று. நல்ல நிதானமான குரல்.

ஒரு காது வலித்ததால் இயர்போனைக் கழற்றினேன். அதே குரல், அதே வசனம், எனக்குப் பின்னால் கேட்கிறது. கழற்றாத மற்றக் காதில் சில விநாடி கழித்து அது திரும்பவும் வருகிறது. திரும்பிப் பார்த்தால் எனக்கு மூன்றாவது ஆள். போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்று மதில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறார். முதல் நாளிலிருந்து எனக்குப் பின்னால் நின்றவர். இரண்டு நாளில் நாங்கள் ஒரு கதையும் கதைக்கவில்லை.

எழும்பிப் போய் என்னுடைய இடத்தை அவருக்குக் கொடுத்தேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்பேஸில் கேட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்பவும் யோசிப்பேன்.

பழைய ஆர்குட்:

எல்லாம் படித்தேன். என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்குட் என்ற பழைய சமூக வலைத்தளத்தில், நண்பர்கள் நம்மைப் பற்றி எழுதும் டெஸ்டிமோனியல் நாம் ஏற்றுக்கொண்டால்தான் நம் பக்கத்தில் தெரியும். கல்லூரி நண்பன் ஒன்று எழுதியிருந்தான். அதில் என் காதல் விவகாரம் இருந்ததால், சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள் என்று ஏற்காமல் அப்படியே போட்டு வைத்தேன். 2009-இல் பைக் விபத்தில் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த ராத்திரி அதை ஏற்றுக்கொண்டேன். அன்றுதான் எழுதிய மாதிரி அவன் படமும் பெயரும் மேலே வந்து நின்றன. 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி ஆர்குட் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் 2016 செப்டம்பர் வரை நம்முடையதை இறக்கிக்கொள்ள அவகாசம் இருந்தது. எனக்கு அது தெரிந்தது 2017-இல்.

அதனால் கேட்காமலேயே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆப்பில் சேர்ந்தாலும், சேர்ந்த அன்றே செட்டிங்ஸ் உள்ளே போய், நம் தகவலை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரிய ஆப்களில் எல்லாம் இருக்கிறது, ஆழத்தில் புதைந்திருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இறக்கியதைப் போனிலேயே வைக்காதீர்கள், ஒரு பென்டிரைவில் போட்டு பீரோவில் வையுங்கள். வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் அதுவும் இருக்கட்டும். போன் நம்பரை மட்டும் வைத்துக் கணக்குத் தொடங்காதீர்கள். நம்பர் மாறினால் கணக்கு போய்விடும், மின்னஞ்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காண்டாக்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் முதல் நாளே சரி என்று சொல்லாதீர்கள். கூகுள் பிளஸ் 2011-இல் வந்தது, 2019 ஏப்ரல் 2-இல் போனது. டுவிட்டர் மாதிரியான கூ ஆப் தமிழிலும் வந்தது, 2024 ஜூலையில் மூடினார்கள். எவ்வளவு பெரிய கை பின்னால் இருந்தாலும் கடை மூடலாம். முக்கியமாக, அங்கே ஒருவர் பிடித்துப்போனால் அவருடைய நம்பரையோ முகவரியையோ ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வையுங்கள். கரிசல்காட்டுத் தங்கை, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

மூன்று சுழி:

நான் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். டுவிட்டரில் 140 எழுத்து இருந்த காலத்திலிருந்து தமிழில் எழுதுகிறேன். அங்கே 'நீ' என்று எழுதினால் இரண்டாகக் கணக்காகும். நகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று. புள்ளிக்கும் ஒன்று. 'கொக்கு' ஆறு. 2017 நவம்பரில் 280 ஆனபோதும் கணக்கு அதேதான். அடிக்கடி நல்ல சொல்லை வெட்டிவிட்டு மட்டமான சொல்லைப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

2024 பிப்ரவரியில், டுவிட்டர் மாதிரியே இருக்கும் புளூஸ்கையை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள் என்று, மதுரை - தேனி பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குத் தொடங்கினேன். முதலில் 'கொக்கு' என்று எழுதினேன். கீழே மிச்ச எழுத்து என்று காட்டிய 300, 297 ஆனது. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 297. கொ, க், கு. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் விரல் மடக்கி எண்ணச் சொன்ன கணக்கு. உசிலம்பட்டி வரைக்கும் ஒவ்வொரு சொல்லாக எழுதிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே எனக்குத் தமிழ் ஆட்கள் அதிகம் கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனாலும் கணக்கை மூட மனசு வரவில்லை.

நடு மகள்:

ஆர்குட் அண்ணாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பென்டிரைவ், நோட்டு எல்லாம் சரி. ஆனால் எங்கள் வீட்டில் கடை எதுவும் மூடவில்லை. நாங்களேதான் எழுந்து போனோம்.

போன வருஷம், 2025 செப்டம்பர் கடைசி. எல்லாரும் வாட்ஸ்அப்பிலிருந்து 'அரட்டை' ஆப்புக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ஸோஹோ கம்பெனி அதை 2021-இலேயே விட்டிருந்தாலும் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. அந்தக் கம்பெனிக்கு ஆபீஸ் இருக்கும் தென்காசி நம்ம பக்கம்தானே என்று மாமாவுக்கு ஒரே பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குரூப்பை அங்கே தொடங்கி எல்லாரையும் சேர்த்தார். முப்பத்தொரு பேர். இரண்டு நாளில் பழைய குரூப்பில் பேச்சு நின்றுவிட்டது.

பெரியம்மா போனில் யாரும் ஏற்றிக் கொடுக்கவில்லை. ஒவ்வொருத்தரும் மற்றவர் செய்திருப்பார் என்று நினைத்தோம். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அதிரசம் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், "எல்லாருக்கும் என் மேல என்னடி கோவம்?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போனை எடுத்துப் பார்த்தேன். பழைய குரூப்பில் ஒவ்வொரு நாளும் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பூப்படம், காலை வணக்கம். செம்பருத்தி, தாமரை, மறுபடி செம்பருத்தி. கீழே யாரும் எதுவும் போடவில்லை. அப்படி இருபது நாளுக்கு மேல். நடுவில் ஒரு நாள் மட்டும் படம் இல்லாமல், "அனைவரும் நலமா" என்று தானே தட்டச்சு செய்திருந்தார். அதைத் தட்ட அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே அரட்டையை ஏற்றிக் கொடுத்தேன். எல்லாரும் வரவேற்றார்கள். இப்போது அங்கே படம் அனுப்புகிறார். ஆனால் பழைய குரூப்பிலும் தினமும் அனுப்புகிறார். ஏன் பெரியம்மா என்றால், "அங்க யாராவது தப்பிப் போய் நின்னாங்கன்னா?" என்கிறார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

அம்மா, இதைப் படித்தபின் என் மனைவியின் போனை வாங்கிப் பார்த்தேன். அவளும் ஒரு பழைய குரூப்பில் தனியாகத்தான் இருக்கிறாள். தறிவீட்டுத் தம்பி, உங்களோடு எனக்குள்ள வாதம் முடியவில்லை. ஆனால் சித்தியை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். தறி ஓடுகிற இடத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள், அது முக்கியம்.

மேலரத வீதி:

கண்டக்டர் ஐயாவின் மகளுக்கு. நான் கோவில்பட்டிக்காரன், அந்த ரூட்டில் பத்து வருஷம் வேலைக்குப் போய் வந்தவன். நாலாட்டின்புத்தூர் தாண்டினால் கயத்தாறுக்கு முன்னால் இடைசெவல் உண்டே. ஐயா விட மாட்டாரே. நீங்கள் விட்டுவிட்டீர்களா?

கரிசல்காட்டுப் பெண்:

நான்தான் எழுதவில்லை அண்ணா. அந்தத் தம்பி திரும்பக் கூப்பிடச் சொன்னது அந்த ஊரைத்தான். இப்போது இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அங்க ஒரு நிமிஷம் கூட நிக்கும், ஏறுறவன் மெதுவாத்தான் வருவான்" என்றார்.