முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: பத்தியச் சாப்பாடும் மாலை நேரத்து அழுகையும்

கேள்வி – காவிரிக்கரை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. தஞ்சாவூர் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இடுப்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு ஐந்தாவதன் மேல் முன்னோக்கி நகர்ந்து நரம்பை அழுத்தியதால், திருகாணிகளும் கம்பிகளும் பொருத்தி இரண்டு எலும்புகளையும் இணைக்கும் அறுவை சிகிச்சை சென்ற மாதம் எனக்கு நடந்தது. காலுக்குள் சுளீரென்று இறங்கிக்கொண்டிருந்த வலி போய்விட்டது. தையல் பிரித்தாகிவிட்டது, புண்ணும் ஆறியிருக்கிறது. மருத்துவர் திருப்தி தெரிவித்துவிட்டார். ஆயினும் இரண்டு விஷயங்கள் என்னை வாட்டுகின்றன.

முதலாவது சாப்பாடு. என் மாமியார் மிகுந்த அக்கறையோடு பத்தியம் வைத்திருக்கிறார். பருப்பு, முட்டை, மீன், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, தயிர் ஆகிய எதைச் சாப்பிட்டாலும் புண் சீழ் பிடிக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஆகவே காலையில் இட்லி, மதியம் மிளகு ரசம் சாதம், மாலையில் ரொட்டி, இரவில் மறுபடியும் இட்லி அல்லது ரசம் சாதம், படுக்கும்போது ஒரு தம்ளர் பால் என்று நாட்கள் செல்கின்றன. மருத்துவமனையில் கொடுத்த தாளில் புரதம் மிகுந்த உணவு என்று ஒரே ஒரு வரி மட்டும் இருக்கிறது. என் எடை இப்போது ஏறத்தாழ 60 கிலோ. ரவிக்கைகள் எல்லாம் தளர்ந்துவிட்டன. மலச்சிக்கலும் கடுமையாக இருக்கிறது. முக்கும்போது தையல் போட்ட இடத்தில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மாலை ஐந்து மணி ஆனால் காரணமில்லாமல் கண்ணீர் வருகிறது. பெல்ட் கட்டிவிடுவதும் கால் கழுவிவிடுவதும் என் கணவர்தான். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேறோர் ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். வீட்டில் கேட்டால், ஆபரேஷன்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பசியே எடுக்காததற்கும் இந்த அழுகைக்கும் தொடர்பு உண்டா? நான் என்ன சாப்பிட வேண்டும்? நீண்ட நாட்களாகத் தைராய்டு மாத்திரை எடுத்துவருகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் – உணவியலாளர், கோவை

சகோதரி, தொடர்பு நிச்சயமாக உண்டு. நீங்கள் எழுதிய உணவை மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். நாள் ஒன்றுக்கு 30 முதல் 35 கிராம் புரதம்தான் தேறும். நல்ல உடல்நலத்துடன் இருக்கும் பெரியவருக்கே உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தசையும் தோலும் எலும்பும் ஒரே நேரத்தில் தம்மைச் சரிசெய்துகொள்வதால், பொதுவாக 1.2 முதல் 1.5 கிராம் வரை கொடுக்கச் சொல்வோம். உங்கள் எடைக்கு அது 72 முதல் 90 கிராம் ஆகும். இப்போது கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. உணவில் வராத புரதத்தை உடல் தன் தசைகளிலிருந்தே உருவிக்கொள்ளும். ரவிக்கை தளர்வதற்கும், எழுந்து நின்றாலே களைப்பு வருவதற்கும், அந்தக் களைப்பு மனச்சோர்வு போலவே தோன்றுவதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம்.

சீழ் பிடிப்பது கிருமித் தொற்றால்தான். இரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமலிருப்பது, புகைபிடிப்பது, ஊட்டக்குறைவு ஆகியவை அதற்கு வழிவிடுகின்றன. பருப்புக்கும் கத்தரிக்காய்க்கும் அதில் பங்கில்லை. ஒரு குறிப்பிட்ட உணவு உங்களுக்கு முன்பிருந்தே ஒவ்வாமை தருமானால் அதை மட்டும் விலக்குங்கள். புண் ஆறக்கூடாது என்று நினைத்தால், இப்போது நீங்கள் சாப்பிடுவதைப் போன்ற பத்தியத்தைத்தான் எழுதித் தருவேன். கடுமையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், அரை லிட்டர் பாலிலும் தயிரிலும் சேர்த்து 16 கிராம், வெந்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் 14 கிராம், கெட்டியான பருப்பு ஒரு கிண்ணத்தில் 7 அல்லது 8 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டு முட்டை, அரை லிட்டர் பால் தயிர், ஒரு கிண்ணம் சுண்டல், மதியம் பருப்பு அல்லது மீன் என்று வைத்துக்கொண்டால், இட்லியிலும் சோற்றிலும் கிடைப்பதோடு கணக்குக் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். ஒரே வேளையில் அத்தனையையும் திணிக்க முடியாது. பசி இல்லாதவர் ஐந்தாறு தடவையாகப் பிரித்துச் சாப்பிடுவதும், தட்டில் சோற்றுக்கு முன்பாக முட்டையையோ மீனையோ முடித்துவிடுவதும் நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவுகள் பொருந்தா; அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கால்சியம் நாளுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். அரை லிட்டர் பால் அதில் 600 வரை தந்துவிடும். மீதிக்குக் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை, எள்ளுப்பொடி, முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி எனத் தஞ்சாவூர்ச் சந்தையிலேயே எல்லாம் கிடைக்கும். வைட்டமின் டி அளவை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், ஏனென்றால் இவ்வளவு வெயிலுள்ள ஊரிலும் அது குறைந்தவர்கள் ஏராளம். அது குறைவாக இருந்தால் சாப்பிடும் கால்சியம் உடலில் சரியாகச் சேராது. ஆட்டுக்கால் சூப் பற்றி யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அதில் சுவை உண்டு. நாம் நினைக்கும் அளவுக்குக் கால்சியமோ புரதமோ கிடையாது.

மலச்சிக்கலுக்குப் பெரும்பாலும் வலி மாத்திரையே காரணம். டிரமடால், டாபென்டடால் போன்றவை குடலின் அசைவைக் குறைத்துவிடும். தண்ணீர், கொய்யா, வாழைத்தண்டு, கீரை ஆகியவற்றோடு சிறிது நடையும் உதவும். அவற்றால் சரியாகாவிட்டால் முக்கிக்கொண்டு இருக்காமல் மலமிளக்கி எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பதில் – நாமக்கல்காரர்

டீச்சர் அம்மா அவர்களுக்கு வணக்கம். இதே அறுவை சிகிச்சை எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. லாரி புக்கிங் அலுவலகம் நடத்துகிறேன். ஊரெல்லாம் சுற்றியவன் ஒரு கட்டிலில் கிடக்க வேண்டி வந்ததும் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். நீங்கள் அழுகிறீர்கள், நான் கத்தினேன். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்குத் திருப்பமாக அமைந்தது, படுக்கைக்குத் தட்டைக் கொண்டுவருவதை நிறுத்தியதுதான். ஒரு நேரத்தில் அரை மணிக்கு மேல் உட்கார வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த அரை மணியை டிவிக்கும் விருந்தாளிக்கும் செலவழித்துவிட்டு, சாப்பாட்டை மட்டும் தனியே படுக்கையில் சாய்ந்தபடி விழுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு அதை மாற்றி, கைப்பிடி உள்ள நாற்காலியில் பெல்ட் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் அவர்களோடு சாப்பிட ஆரம்பித்தேன். அவர்கள் பேசுகிற பேச்சில் இரண்டு கரண்டி கூடுதலாக உள்ளே போயிற்று. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்திருக்கும்போது இடுப்பு முறுகும்.

அதோடு வீட்டில் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, மின்கட்டணம் எல்லாம் என் பொறுப்பு என்று சொன்னேன். எல்லாரிடமிருந்தும் வாங்கிக்கொண்டே இருப்பவனுக்குக் கொடுக்கவும் ஏதாவது வேண்டும். நீங்கள் ஆசிரியை, மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரை வரவழைத்துக் கணக்கோ தமிழோ சொல்லிக்கொடுங்களேன். படுத்தபடியே வாயால் சொன்னால் போதாதா?

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் ஒருவர் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று ஆரம்பிக்கிறவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அத்தகையவரை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடும் பொறுப்பை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

உணவியலாளர் அவர்கள் மன்னிக்க வேண்டும், ஆட்டுக்கால் சூப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாய்க்கு எதுவுமே பிடிக்காமல் இருந்த நாட்களில் மிளகு தூக்கலாகப் போட்ட அந்தச் சூப்தான் பசியைக் கிளப்பியது.

பதில் – மனநலச் சமூகப்பணியாளர், மதுரை

அம்மா, இன்னும் என்ன குறை என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உடல் தரப்பிலிருந்தே பல பதில்கள் இருக்கின்றன. அறுவை சிகிச்சையில் இரத்தம் இழந்திருப்பீர்கள். இரத்தசோகை இருந்தால் சோர்வும் படபடப்பும் வரும். சில வலி மாத்திரைகளும், நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின் போன்றவையும் சிலருக்கு மந்தத்தையும் மனத்தளர்ச்சியையும் உண்டாக்கும். அதற்காக அவற்றைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது; மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரவில் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் விழிப்பு வந்து தூக்கம் துண்டு துண்டாகிறது. போதாததற்கு, அறுவை சிகிச்சை முடியும் வரை அதைத் தாண்டிவிட வேண்டும் என்ற ஒரே குறியோடு இருந்த மனம், முடிந்த பிறகுதான் தளர்கிறது. தைராய்டு அளவு குறைந்தாலும் இதே அறிகுறிகள் வரக்கூடும் என்பதால், அடுத்த இரத்தப் பரிசோதனையில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாலையில் மட்டும் அழுகை வருவது வியப்பில்லை. பகல் முழுதும் உடம்பைத் தாங்கிய முதுகுத் தசைகள் அந்த நேரத்தில் களைத்திருக்கும், மதியம் போட்ட மாத்திரையின் வேகமும் குறைந்திருக்கும். உங்கள் விஷயத்தில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையும் அதுவே. நாமக்கல்காரர் சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. என்றாலும் அதைக் கடமையாக்கிக்கொண்டு, ஒருநாள் முடியாவிட்டால் அதற்கும் சேர்த்து வருந்தாதீர்கள்.

அழுகை வந்துபோவதும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. நாளின் பெரும்பகுதி, ஏறத்தாழ எல்லா நாட்களிலும், இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் கவிழ்ந்தே இருந்தால், பேரக்குழந்தை வந்தாலும் பிடித்த பாட்டு ஒலித்தாலும் ஒன்றும் தோன்றாமல் இருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாகச் செயல்படுகிறது, தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரிடம் போகும்போது நீங்கள் உட்கொள்ளும் வலி மாத்திரைகளின் பெயரைக் கட்டாயம் காட்டுங்கள், ஏனெனில் டிரமடாலும் சில மனச்சோர்வு மருந்துகளும் ஒன்றாகச் சேரக் கூடாதவை.

கணவர் கால் கழுவிவிடும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதை அவரிடமே சொல்லியிருக்கிறீர்களா? பாரமாக இருக்கிறோம் என்று ஒருவர் மறைப்பதும், சலிப்பாக இருப்பதாக நினைத்துவிடுவாளோ என்று மற்றவர் கூடுதலாகப் பணிவிடை செய்வதும் பல வீடுகளில் நான் பார்ப்பது.

பதில் – இயன்முறை மருத்துவர், நெல்லை

உணவோடு நடையும் சேராவிட்டால் புரதம் தசையாகாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடந்தால் பசியும் வரும், குடலும் அசையும். திருகாணி கழன்றுவிடும் என்ற பயத்தில் அசையாமல் படுத்திருப்பவர்களே பின்னால் அதிகம் அவதிப்படுகிறார்கள். எலும்பு முழுமையாக இணைய 3 முதல் 6 மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். அதுவரை குனிதல், முறுக்குதல், கனம் தூக்குதல் ஆகியவற்றைத்தான் தவிர்க்க வேண்டும், நடையை அல்ல. முக்குவதால் திருகாணிக்கு ஒன்றும் ஆகாது, வலிதான் கூடும். மேற்கத்தியக் கழிப்பறையையே பயன்படுத்துங்கள். வீட்டுக்கு வந்து பயிற்சி தர ஆள் வேண்டுமானால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கு வழி உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

காய்ச்சல், புண்ணில் கசிவு, பாதம் தூக்க முடியாமல் போவது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது அல்லது தானாகப் போவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காவிரிக்கரை வாசகி

அனைவருக்கும் நன்றி. பதில்களை என் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு இரண்டு முட்டையை அவித்துக்கொண்டு வந்தார். மாமியாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதுதான் மீதி. அவர் மனம் புண்படாமல் இது நடக்க வேண்டும். இன்னொரு சந்தேகம்: காலையில் தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை மூன்றையும் சேர்த்தே விழுங்கிவருகிறேன், அது சரியா?

பதில் – உணவியலாளர், கோவை

சரியில்லை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, கால்சியத்துக்கும் இரும்புக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடலில் சேராது. கால்சியமும் இரும்பும்கூட ஒன்றையொன்று தடுப்பவை. மதியச் சாப்பாட்டோடு கால்சியம், மாலையில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ எடுக்கும்போது இரும்பு என்று பிரித்துக்கொள்ளலாம். இரும்போடு டீ, காபி வேண்டாம். இரும்பு மாத்திரையும் மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால், அது இன்னும் தேவைதானா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

மாமியாரை அடுத்த பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். முட்டை, மீன், பருப்பு கொடுக்கலாமா என்று அவரே மருத்துவரிடம் கேட்கட்டும். அதுவரை அவருடைய மிளகு ரசத்தை நிறுத்த வேண்டாம். அதில் வெந்த பருப்பை நன்றாகக் கரைத்துவிடச் சொல்லுங்கள். நாமக்கல்காரர் ஐயாவின் சூப்பையும் குடியுங்கள், அடியில் கிடக்கும் கறியை விட்டுவிடாமல்.