அயோடின்-131க்கு டீகே டைம் 8 நாளா, 11.6 நாளா?

கரண்ட்கம்பி: பக்கத்து திரில ஒருத்தர், அயோடின்-131ங்கற கதிரியக்க அயோடினுக்கு டீகே டைம், அதாவது அது சிதைஞ்சு தேயுற நேரம், 8 நாளாம், அதனால 16 நாள்ல சுத்தமா காலியாம்னு அடிச்சு விட்டிருக்காரு, அதுக்கு லைக் வேற குவியுது. யோவ், 11.6 நாள்யா அது. 8 இல்ல.

மொட்டைமாடி: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். எந்த டேபிளை எடுத்தாலும் 8.02 நாள்தான். 11.6 எங்கேருந்து முளைச்சுது?

கரண்ட்கம்பி: உங்க 8.02 பாதியாகுற நேரம், அதை 0.693ஆல வகுங்க, முளைக்கும், அதுதான் ஒரு அணுவோட சராசரி ஆயுள். 11.6 நாள் ஆனா 37 சதவீதம் மிச்சம், கெபாசிட்டர் டிஸ்சார்ஜுக்கும் இதே 37தான், மியூவான்ங்கற துகளுக்கு 2.2 மைக்ரோசெகண்ட்னு சொல்றதும் இந்தக் கணக்குதான், பாதியாகுற கணக்கு இல்ல.

மொட்டைமாடி: கார்பன்-14க்கு ஊரே 5730 வருஷம்னுதான் சொல்லுது, அது பாதிக் கணக்குதான் சார். நீங்க மட்டும் 8267ன்னு சொல்லிட்டுத் திரிங்க. 8.

சும்மாவந்தேன்: ஏங்க, 16 நாள்ல எப்படி காலியாகும்? கால்வாசி இருக்குமே. 80 நாள் ஆனாக்கூட ஆயிரத்துல ஒரு பங்கு கிடக்கும்.

மொட்டைமாடி: அதை விடுங்க. 8 தப்பா?

எதிரொலி: நான் சவுண்டு ஆளு. எங்களுக்கு டீகே டைம்னா ஹால்ல சத்தம் 60 டெசிபல் இறங்குற நேரம். பாதியும் இல்ல, 37ம் இல்ல, பத்து லட்சத்துல ஒரு பங்கு.

கரண்ட்கம்பி: வந்துட்டாருய்யா. எர்த்திங் திரிலயும் இப்படித்தான் நடுவுல புகுந்து கெடுத்தீங்க.

எதிரொலி: அங்க பதில் சொல்லாம ஓடுனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். நீங்க கெபாசிட்டரை இழுத்தா பிசிக்ஸ், நான் ஹாலை இழுத்தா இடைஞ்சலா?

கரண்ட்கம்பி: ஓடல, தூங்கப் போனேன். தனி நியூட்ரானை எடுங்க, சுமார் 880 செகண்ட்னு பேசுறாங்களே அது சராசரி ஆயுள், பாதியாகுறது பத்து நிமிஷம் சொச்சத்துலயே முடிஞ்சிரும், ஆராய்ச்சி பண்றவன் எதைப் பேசுறான்னு பாருங்க, சும்மா டேபிளை மனப்பாடம் பண்ணிட்டு வந்து நிக்காதீங்க. 11.6.

மொட்டைமாடி: தைராய்டுக்கு அயோடின் குடுக்குற டாக்டர் 8 நாள்னுதான் சொல்வாரு. போய் அவரை வகுக்கச் சொல்லுங்க.

கரண்ட்கம்பி: உடம்புக்குள்ள போனா சிறுநீர்லயும் வெளியேறும், அங்க உங்க 8 நிக்காது.

மொட்டைமாடி: உங்க 11.6 மட்டும் நிக்குமாக்கும்?

கரண்ட்கம்பி: அணுவுக்குச் சொன்னேன், ஆளுக்குச் சொல்லல.

எதிரொலி: எர்த்திங் கேள்வி இன்னும் அப்படியே கிடக்கு.