உண்ணிச்செடியை அகற்றிய இடத்தில் என்ன விதைக்கலாம்?

வணக்கம். கூடலூர் பக்கம், காட்டை ஒட்டிய எங்கள் இரண்டு ஏக்கரில் உண்ணிச்செடி (லாண்டானா) ஆளுயரத்துக்கு மண்டிவிட்டது. அதன் அடியில் புல்லே இல்லை. பழைய நெல்லி மரம் நிற்கிறது, ஒரு கன்றுகூட எழவில்லை. அடர்ந்த நிழல் ஒரு காரணம். உதிரும் இலைகளிலிருந்து மண்ணில் இறங்கும் வேதிப்பொருட்கள் இன்னொன்று. 1800களின் தொடக்கத்தில் அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி! மனசு ஆறவில்லை.

போன வருடம் தரையோடு வெட்டினோம். மழை விழுந்ததும் கட்டையிலிருந்து துளிர்த்துவிட்டது. இந்த முறை மண்ணுக்கு அடியில் வேர்க்கட்டையை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடப் போகிறோம்.

சரி, அப்புறம்? நிலத்தைச் சும்மா விட்டால் பார்த்தீனியக் களை புகுந்துவிடும். பறவைகள் எச்சத்தோடு உண்ணி விதையையும் மறுபடி போடும். முதலில் எந்த நாட்டுப் புல்லை விதைக்கலாம்? விதை எங்கே கிடைக்கும்? மான் மேயாமல் எப்படிக் காத்தீர்கள்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பருவமழைக்குள் தொடங்க வேண்டும்.