புதுப்பிப்பு: பிலிப் ஹியூஸை அவருடைய ஊர் எப்படி வழியனுப்பியது

2014 நவம்பரில் சிட்னி மைதானத்தில் பவுன்சர் (தலை உயரத்துக்கு எழும்பி வரும் பந்து) கழுத்தில் பட்டு, இரண்டு நாள் கழித்து இறந்த ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அவருடைய சொந்த ஊர் என்ன செய்தது என்று பலர் கேட்டீர்கள்.

மாக்ஸ்வில் சிறிய ஊர். தந்தை வாழைத்தோட்டக்காரர். டிசம்பர் 3 அன்று இறுதிச் சடங்கு நடந்தது பெரிய தேவாலயத்தில் அல்ல, ஊர் உயர்நிலைப்பள்ளி அரங்கில். உள்ளே இடமில்லாதவர்கள் வெளியே திடலில் நின்றார்கள். பிறகு சவ ஊர்தியின் பின்னால் ஊர்மக்களும் ஆஸ்திரேலிய வீரர்களும் ஒன்றாகத் தெருவில் நடந்தார்கள். விராட் கோலியும் வந்திருந்தார். உலகெங்கும் வீட்டு வாசல்களில் மட்டைகளைச் சாய்த்து வைத்தார்கள். இருபத்தாறு வயதுகூட நிறையாத பிள்ளை!

அன்று அவர் எடுத்திருந்த 63 ரன், 'ஆட்டமிழக்காமல்' என்றே பதிவேட்டில் மாற்றப்பட்டது. பிறகு நடந்த அடிலெய்டு டெஸ்டில் ரசிகர்கள் 63 விநாடி கைதட்டினார்கள். 63ஐத் தொட்டபோது ஆஸ்திரேலிய வீரர் வார்னர் வானத்தைப் பார்த்து மட்டையை உயர்த்தினார்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப்படுவது, பந்துவீசிய இளைஞரை யாரும் தனியே விட்டுவிடவில்லை என்பது. அவருடைய மரணம் பற்றிய 2016 விசாரணையும் எவர்மீதும் பழி இல்லை என்றே முடித்தது.

ஹெல்மெட்டின் பின்புறம் பொருத்தும் கழுத்துக் காப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியா அதை வேகப்பந்துக்கு எதிராகக் கட்டாயமாக்கியது 2023 அக்டோபரில்தான். இவ்வளவு காலம் காத்திருந்திருக்கவே கூடாது. உங்கள் பிள்ளைகளின் ஹெல்மெட்டில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.