உதவி: சீஃபோர்டு – ஈஸ்ட்போர்ன் நடை, குக்மியர் ஆற்றை எங்கே கடப்பது?

மதி (லண்டன்):
வணக்கம். போன சனிக்கிழமை இங்கிலாந்தின் தென்கடற்கரையில் இருக்கும் செவன் சிஸ்டர்ஸ் (ஏழு சகோதரிகள்) பாறைகளைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். விக்டோரியாவில் ரயிலேறி லூயிஸில் மாறி சீஃபோர்டில் இறங்கும்போதே மணி 11.40. சீஃபோர்டு ஹெட் மேலேறி அந்தப் பக்கம் இறங்கினால், படங்களில் பார்த்த அதே காட்சி: முன்னால் பழைய கடலோரக் காவலர் குடிசைகள், பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டேன்.

சிக்கல் அப்புறம்தான். போன் மேப்பில் குக்மியர் ஆறு நூல் மாதிரி ஒரு நீலக் கோடு. கூழாங்கல் கரையோடு போனால் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் தண்ணீர் கடலைப் பார்த்து விறுவிறுவென ஓடுகிறது. பாலமும் இல்லை, படகும் இல்லை. எதிர்க்கரையில் ஒரு குடும்பம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, அவர்கள் பேசுவதுகூடக் காதில் விழுந்தது. ஒருவர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கி, தொடை நனைந்ததும் திரும்பி வந்தார். நானும் வந்த வழியே சீஃபோர்டுக்குப் போய் ரயிலேறிவிட்டேன்.

அடுத்த சனி மறுபடி போகிறேன். எங்கே கடப்பது? ஒரே நாளில் ஈஸ்ட்போர்ன் வரை முடியுமா? போவது ஒரு ஸ்டேஷன், திரும்புவது வேறு ஸ்டேஷன், டிக்கெட் எப்படி எடுப்பது?

பிரைட்டன்வாசி:
முதல் தடவை அந்த இடத்தில் முழிக்காதவர்கள் குறைவு. ஆற்று முகத்தில் கடக்க வழியே கிடையாது. குடிசைகளுக்குக் கீழே இறங்கியதும் கடலுக்கு முதுகைக் காட்டி, ஆற்றங்கரை மேட்டோடு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் உள்ளே நடங்கள். ஏ259 சாலையும் எக்ஸீட் பாலமும் வரும். பாலம் தாண்டி மறுகரையில் திரும்பக் கடல் பக்கம் வர வேண்டும். ஆக, நீங்கள் கல்லெறியும் தூரத்தில் பார்த்த அந்தக் குடும்பத்திடம் போய்ச் சேர 4 கிலோமீட்டருக்கு மேல். முதல் நாள் போடும் கணக்கில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

மேப்பைப் பெரிதாக்கினால் பக்கத்திலேயே பாம்பு மாதிரி வளைந்து கிடக்கும் தண்ணீரும் தெரியும். அது ஆற்றின் பழைய தடம். இப்போது ஆறு போவது 1840களில் நேராக வெட்டிய கால்வாயில். கடல் உள்வாங்கும் நேரத்தில் சிலர் இறங்கித்தான் கடக்கிறார்கள். தனியாகப் போகிறவர் அதைச் செய்யவே வேண்டாம், அங்கே இழுப்பு அதிகம்.

மொத்தம் சுமார் 22 கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் நிறைய. காலை 10 மணிக்குள் சீஃபோர்டில் நடக்கத் தொடங்கினால் தாராளமாக முடியும். ஜூனில் இருட்ட ஒன்பதரைக்கு மேல் ஆகிவிடும். எக்ஸீட்டுக்கு அப்புறம் வழிகாட்டிக் கம்பங்களில் ஓக் விதைச் சின்னம் இருக்கும். அது சவுத் டவுன்ஸ் வே பாதை, ஈஸ்ட்போர்ன் வரை அதையே பிடித்துப் போகலாம்.

டிக்கெட்: லண்டனிலிருந்து ஈஸ்ட்போர்னுக்கு ஒரு டே ரிட்டர்ன் (அன்றே போய்வரும் டிக்கெட்), லூயிஸ்–சீஃபோர்டு மட்டும் தனியாக ஒரு சிங்கிள் (ஒருவழி டிக்கெட்). இரண்டு பாதையும் லூயிஸில்தான் பிரிகின்றன. ரயில்கார்டு என்ற சலுகை அட்டை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

நடைராஜா:
இவ்வளவு சுற்றுவானேன்? பிரைட்டனில் 12ஆம் நம்பர் பஸ் பிடித்தால் எக்ஸீட்டிலேயே இறங்கலாமே.

பிரைட்டன்வாசி:
இறங்கலாம், ஆனால் அந்தக் குடிசைக் காட்சி போய்விடும். எனக்கு அது இல்லாமல் பாதி நடைதான். வெயில் அடித்து எடுத்தால் அந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடலாம், அதற்கு வேண்டுமானால் நினைவில் வையுங்கள்.

குரோய்டன் அக்கா:
தங்கச்சி, வழி சொல்லிவிட்டார்கள், நான் விளிம்பைப் பற்றிச் சொல்கிறேன். மேலே புல் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். அடியில் சுண்ணாம்பு அரித்துப்போய் வெறும் காற்றில் தொங்கும் இடங்கள் உண்டு, மேலே நிற்பவருக்குத் தெரியாது. செல்ஃபிக்காகக் கிட்டே போகாதே. கீழே கடற்கரையில் பாறையை ஒட்டி உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் சரியும். பெல் டூட் கலங்கரை விளக்கத்தையே 1999இல் அப்படியே நகர்த்தி 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

நிழல் என்று ஒரு மரம் கிடையாது. தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொள். நடுவில் பர்லிங் கேப்பில் கஃபேயும் கழிப்பறையும் உண்டு. அங்கே கால் கெஞ்சினால் நிறுத்திவிடு. அதற்கப்புறம் பீச்சி ஹெட் ஏற்றம், 162 மீட்டர். ஏதாவது ஆனால் அவசர எண் 999க்குப் போன் செய்து, கோஸ்ட்கார்டு (கடலோரக் காவலர்) வேண்டும் என்று கேள். வீட்டில் யாரிடமாவது எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ.

மதி:
போய் வந்துவிட்டேன்! சீஃபோர்டில் 9.50, ஈஸ்ட்போர்ன் ஸ்டேஷனில் 6.45. பாலம் சுற்றி மறுகரைக்கு வந்து, போன வாரம் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்திலேயே புளிச்சோற்று டப்பாவைத் திறந்தேன். எதிரே ஒரு பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். பாலம் இருக்கும் பக்கம் கையைக் காட்டிக் கத்தினேன், புரிந்துகொண்டு கிளம்பினான்.

அக்கா, பர்லிங் கேப்பில் நிறுத்தலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். ஒரு தேநீர் உள்ளே போனதும் ஏறிவிட்டேன். ஏழு என்று பெயர், நான் எண்ணியதில் எட்டு மேடு வந்தது. கறுப்பு ஷூ முழுக்க சாக்பீஸ் தூள், ஈரத்துணி வைத்துத் துடைத்ததில் பசையாகிவிட்டது. என்ன செய்வது?

குரோய்டன் அக்கா:
நன்றாகக் காயட்டும், அப்புறம் பழைய பல்துலக்கியால் தேய். மேடுகளை நானும் எட்டுதான் எண்ணியிருக்கிறேன்.