முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்புபவரை எப்படி ஏற்பது?

அச்சகத்தார், சாட்ஸ்வொர்த்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒன்பது பேர் வேலை செய்யும் சிறிய அச்சகம் நடத்துகிறேன். பதினாறு ஆண்டுகளாக எங்களுடன் இருக்கும் அண்ணன் ஒருவர், முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். வாரம் ஐந்து நாள் வேலை செய்வோருக்கு மூன்றாண்டுச் சுற்றில் சட்டம் தரும் 30 நாள் சம்பள விடுப்பு தீர்ந்து, இப்போது வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யு.ஐ.எஃப். தரும் உதவித்தொகையில் குடும்பத்தை நடத்துகிறார். அடுத்த மாதம் வரலாம் என்று சொன்ன மருத்துவரின் சான்றிதழில் 'இலகுவான வேலை' என்று மட்டுமே இருக்கிறது. அவருடைய வேலையில் பாதி காகிதக் கட்டுகளைத் தூக்குவதுதான். தொந்தரவு செய்யக்கூடாது என்று நான் தொலைபேசியில்கூட அவருடன் அதிகம் பேசவில்லை. என்ன செய்யலாம்?

தொழில்வழிச் சிகிச்சையாளர், பீனிக்ஸ்:
ஐயா, முதலில் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். முதலாளி பேசாமலிருந்தால், நோயுற்றவர் தன் இடம் போய்விட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். அடுத்து, ஒரு கட்டின் எடை எவ்வளவு, நாளில் எத்தனை முறை குனிகிறார், எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று அவருடைய வேலையை ஒரு தாளில் எழுதி, அவர் சம்மதத்துடன் மருத்துவருக்கு அனுப்புங்கள். மருத்துவருக்கு உங்கள் அச்சகம் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு சுருக்கமாக எழுதுகிறார். முதல் சில வாரங்கள் அரை நாள், பிறகு அவர் உடல் சொல்வதைக் கேட்டு நேரத்தைக் கூட்டலாம். நாள் முழுதும் உட்கார வைப்பதும் முதுகுக்கு நல்லதல்ல.

டோங்காட் வாசகி:
புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் நான் அலுவலகத்துக்குத் திரும்பியபோது, அன்பினால்தான் என்றாலும், எனக்கு எந்த வேலையும் தராமல் உட்கார வைத்தார்கள். அந்த இரண்டு வாரங்கள் சிகிச்சையைவிடக் கடினமாக இருந்தன. குறைந்த வேலை கொடுங்கள், ஆனால் அது உண்மையான வேலையாக இருக்கட்டும். அவர் தூக்காத கட்டுகளை யார் தூக்குவது என்பதையும் அவர் வருமுன்பே மற்றவர்களிடம் பேசி முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முணுமுணுப்பு அவர் காதில்தான் விழும்.

தொழிற்சங்கத் தோழர்:
சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. உடல்நலக் குறைவால் ஒருவரை விலக்க நினைக்கும் முதலாளி, அதற்கு முன் வேலையை மாற்றியமைக்க முடியுமா, வேறு வேலை தர முடியுமா என்று ஆராய்ந்து, அவர் தரப்பையும் கேட்டிருக்க வேண்டும். விலக்கப்பட்டவர் 30 நாளுக்குள், தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.-விடம் முறையிடலாம். உங்கள் எண்ணம் அதுவல்ல என்பது தெரிகிறது. இருந்தாலும், பேசி முடிவெடுத்ததையும் அரை நாளுக்கான சம்பளத்தையும் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள்.

அச்சகத்தார், சாட்ஸ்வொர்த்:
அனைவருக்கும் நன்றி. இன்று மாலை அண்ணனிடம் பேசினேன். அச்சுப்பிழை பார்ப்பதையும் வாடிக்கையாளர் கணக்கையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். காகிதத்துக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கப் போகிறேன். அது மற்ற எட்டுப் பேருக்கும் தேவைதான்.